கானாடுகாத்தானில் கார்புரேட்டர் சரிசெய்து தந்த பெரியவருக்கு நன்றி

அப்பச்சி விட்டுச் சென்ற எம்.ஜி. மிட்ஜெட் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 948 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு 1275 சிசி எஞ்சினை ஏற்றிய பின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் அதன் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களும் ஒன்றோடொன்று இணங்காமல் மூன்று வாரம் என்னை அலைக்கழித்தன. சென்ற ஞாயிறன்று வீட்டு வாசலில் வண்டி திணறித் திணறி நின்றபோது, தெருவோடு போன பெரியவர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாய் மட்டும் கேட்டார்.

இரண்டு கார்புரேட்டர்களையும் பிணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, குழாயின் ஒரு முனையைத் தம் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலுமாக மாற்றி மாற்றி வைத்து, காற்று இழுக்கும் சீற்றம் இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கும் வரை வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடில் திருகுகளைத் திருப்பினார். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்த்தார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்ததால், பெட்ரோல் அதிகம் போகிறது என்று சொல்லி, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை மேல்நோக்கி ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) திருகினார். அந்தப் பிஸ்டன் துள்ளாமல் அடக்கும் எண்ணெய் நிற்கும் டாஷ்பாட்டில் எண்ணெயே இல்லை என்று கண்டதும் அவர்தான். அதை நான் பார்க்காமல் விட்டது எனக்கே வெட்கம்.

கூலி வாங்க மறுத்து, ஆச்சி கொடுத்த நீர்மோரை மட்டும் அருந்திவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் சென்ற அந்த ஐயாவுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நேற்று காரைக்குடி வரை போய் வந்தேன்; எஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை.