உப்பும் மரக்காலும் தந்தவர்களுக்கு: பாலர் வகுப்பிலிருந்து ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று. நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பாலர் வகுப்புக்கு நாங்கள் கேட்டதையும், சில சமயம் கேட்காததையும் நீங்கள் தேடிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஆராதனை அறிவிப்பில் உங்களுக்கு நன்றி சொன்னது ஒரு பட்டியலாகத்தான் அமைந்தது. எந்தப் பொருள் எதற்கு ஆயிற்று, ஏன் அதையே பிடிவாதமாகக் கேட்டோம் என்று சொன்னால்தான் நன்றி முழுமையாகும். பக்கத்துச் சேகரத்தார், அதாவது அடுத்த ஆயரின் கீழுள்ள சபையார், செய்முறை கேட்டிருக்கிறார்கள். அதையும் இதிலேயே சேர்த்துவிடுகிறோம்.

முதல் நன்றி ஆயர் ஐயாவுக்கு. வேதத்தில் வருகிற பொருளையே பிள்ளைகள் கையில் கொடுங்கள், நாமாகப் புது உவமை கட்ட வேண்டாம் என்று அவர் சொன்ன ஒரு வரிதான் பாடத்திட்டம் முழுவதையும் தீர்மானித்தது. இந்த வயதுப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். “இயேசு உன் இருதயத்தில் இருக்கிறார்” என்றால், அங்கே அவர் எப்படி உட்காருவார் என்று கேட்கும். காந்தத்தைக் காட்டி “ஆண்டவர் நம்மை இப்படித்தான் இழுக்கிறார்” என்றால், வீட்டுக்குப் போய்ச் சேருவது காந்தம் மட்டும்தான். உப்பும் விளக்கும் அப்படியல்ல. ஆண்டவர் வாயிலிருந்து வந்த பொருளே பிள்ளையின் கையில் இருக்கிறது. நடுவில் நாம் விளக்க வேண்டியது குறைவு.

திரித்துவத்துக்கு எந்தப் பொருளும் கொண்டுவராதீர்கள் என்றும் ஐயா சொன்னார்கள். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று காட்டுவது பல வகுப்புகளில் வழக்கம். ஒரே தண்ணீர் மூன்று வேடம் போடுகிறது என்றால் அது சபெல்லியு என்பவரின் போதனை; சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே அதைத் தள்ளிவிட்டது. முட்டையின் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று காட்டினால், பிதா கடவுளில் மூன்றில் ஒரு பங்கு என்றாகிவிடும். வகுப்பு முடிவில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஆசீர்வாதம் கூறி அனுப்புவதே இந்த வயதுக்குப் போதும்.

உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணாச்சிக்கு நன்றி. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பைக் காட்ட வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் பாக்கெட்டில் வரும் தூள் உப்பு மட்டுமே தெரிந்த பிள்ளைகள் இப்போது நிறைய. கல்லுப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபின்தான் பாடம் தொடங்க வேண்டும்.

செய்முறை இது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான அரிசிக் கஞ்சியை இரண்டு பாத்திரங்களில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அரை டீஸ்பூன் உப்பு, முன்கூட்டியே நன்றாகக் கரைத்தது. ஆறிய கஞ்சியில் கல்லுப்பை அப்படியே போட்டால் அடியில் தங்கிவிடும். முதல் வரிசைக்குச் சப்பென்றிருக்கும், கடைசி வரிசை துப்பிவிடும். உப்பில்லாத கஞ்சியை முதலில் கொடுங்கள், உப்புப் போட்டதைப் பிறகு. முகம் மலர்வது இரண்டாவது வாயில்தான் நடக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி, அதே கரண்டி அடுத்தவருக்குப் போகக் கூடாது. “உப்பு எங்கே?” என்று பாத்திரத்தைக் காட்டிக் கேட்டால் தேடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். “நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்” என்ற வசனத்தை அந்த நேரத்தில் சொல்லிக்கொடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

உப்பு சாரமற்றுப் போகுமா என்று ஆறு வயதுக்காரர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். அதற்குப் பதில் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற, உப்புக்கு முன்னால் ஜிப்சம் என்கிற வெள்ளைக் கனிமம் படியும், அதன்பிறகு உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இதைப் பிரித்தெடுக்காமல் மண்ணோடு வாரிய உப்பு பழைய காலத்தில் ஈரத்தில் கிடந்தால், உப்பு கரைந்து போய் வெள்ளையாக ஏதோ மிஞ்சும். பார்க்க உப்பு, வாயில் ஒன்றுமில்லை. அவர் தந்த ஜிப்சம் துண்டைப் பொடித்து ஒரு கண்ணாடித் தம்ளரிலும், உப்பை இன்னொன்றிலும் ஒவ்வொரு கரண்டி போட்டு இரண்டு நிமிடம் கலக்கினால் போதும். ஒன்று மறையும், மற்றது அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஜிப்சம் தம்ளரை எட்டாத உயரத்தில் வையுங்கள். ருசி பார்க்கத் தொடங்கிய கூட்டம் அதையும் ருசி பார்க்கும்.

பரணிலிருந்து மரக்காலை இறக்கித் தந்த ஆச்சிக்கு நன்றி. விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்க மாட்டார்கள் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போது, மரக்காலைக் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கு அந்த வரி காற்றில் போய்விடும். நெல் அளக்கிற பாத்திரம் என்று சொல்லி, ஆளுக்கொரு முறை அரிசி அள்ளி அளக்க விட்டால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஆனால் எண்ணெய் விளக்கின்மேல் மரக்காலைக் கவிழ்க்காதீர்கள். உள்ளே காற்றுத் தீர்ந்ததும் சுடர் அணைந்துவிடும். “விளக்கு செத்துப்போச்சு” என்பார்கள், பாடம் சாவைப் பற்றியதாக மாறிவிடும். வசனம் பேசுவது அணைவதைப் பற்றியல்ல. எரிகிற வெளிச்சம் வீட்டில் இருக்கிற யாவருக்கும் பயன்படாமல் போவதைப் பற்றியது. அதனால்தான் மின்பணியாளர் தம்பியிடம் சார்ஜ் ஏற்றும் சிறு எல்.இ.டி. விளக்கு கேட்டோம். கண் கூசாதபடி அதற்கு மெழுகுத்தாள் உறையும் போட்டுத் தந்தார். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்து, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து வையுங்கள். முழு இருட்டில் நான்கு வயதுக்காரர்கள் அழுதுவிடுவார்கள். முதலில் விளக்கு தரையில், மரக்காலுக்குள். அடுத்து மரக்காலை எடுத்துவிட்டுத் தரையிலேயே. பிறகு நான்கடி உயர முக்காலியின்மேல். ஒவ்வொரு முறையும் “எத்தனை பேர் முகம் தெரிகிறது?” என்று எண்ணச் சொல்லுங்கள். தரையில் வைத்தால் முன்வரிசை மட்டும் தெரியும், முக்காலியில் வைத்தால் எல்லோரும். விளக்குத்தண்டு எதற்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

கொத்தனார் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சொதப்புகிற பாடம் அவரால்தான் ஒழுங்காக நின்றது. கன்மலை வீடு, மணல் வீடு. அட்டையில் வீடு செய்தால் தண்ணீர் பட்டதும் கல்லின்மேல் இருப்பதும் ஊறிச் சாயும். மரத்துண்டு என்றால் இரண்டு வீடும் மிதந்து போகும். பிறகு ஆசிரியர் எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் கண்டதைத்தான் நம்புவார்கள். அவர் செங்கல்லை உடைத்து, ஐந்து சென்டிமீட்டர் சதுரமாகத் தேய்த்து இரண்டு வீடு தந்தார். ஒன்றரை அடி நீளத் தகரத் தட்டில் ஒரு பக்கம் தட்டையான கருங்கல், மறுபக்கம் சலித்த காய்ந்த மணல் நான்கு சென்டிமீட்டர் உயரம். மணல் ஈரமாக இருந்தால் இறுகி வீட்டைத் தாங்கிவிடும். முந்தின நாள் வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மணல் வீட்டைத் தட்டின் ஓரத்தையொட்டி வைத்து, அந்தப் பக்கம் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, மறுமுனைக்கு முட்டுக் கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். மணல் ஓடிப்போக வழியில்லாவிட்டால் வீடு அமிழுமே தவிர விழாது. தண்ணீரை வீட்டின் தலையில் ஊற்றக் கூடாது. மூக்குள்ள செம்பால் அடிவாரத்தில் ஒன்றரை லிட்டர், மெதுவாக. கீழே ஒரு வாளி.

இந்தப் பாடத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. “கன்மலை இயேசு” என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. மத்தேயு 7-இல் இரண்டு பேருமே வார்த்தையைக் கேட்டவர்கள்தான். ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை, வித்தியாசம் அங்கேதான். ஆகவே தண்ணீர் ஊற்றிய கையோடு, பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லி அங்கேயே செய்ய வைக்க வேண்டும்: செருப்புகளை வரிசையாக வைப்பது, பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் மோந்து கொடுப்பது. தகரத் தட்டைவிட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

காணாமற்போன வெள்ளிக்காசு உவமைக்கு உண்மையான நாணயம் வேண்டாம் என்று தடுத்த செவிலியர் அக்காவுக்கு நன்றி. பத்து ரூபாய் நாணயமே 27 மில்லிமீட்டர்தான். சின்னப் பிள்ளை விழுங்கிவிடும். கெட்டி அட்டையில் ஐந்து சென்டிமீட்டர் வட்டமாகப் பத்து வெட்டி வெள்ளித்தாள் ஒட்டுங்கள். ஒன்பதை எண்ணி வைத்து ஒன்றைப் பாய்க்கடியில் ஒளித்து, விளக்குமாற்றையும் விளக்கையும் கையில் கொடுத்துவிடுங்கள். கண்டெடுத்தவருக்குப் பரிசு மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கதை கெட்டிக்காரப் பிள்ளையைப் பற்றியதாகிவிடும். கதையில் காசு ஒன்றும் செய்யவில்லை, தேடியவள்தான் வீட்டைப் பெருக்கினாள், தேடியவள்தான் சந்தோஷப்பட்டாள். எனவே வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கொரு துண்டு கடலை மிட்டாய், அதுவும் பெற்றோரிடம் ஒவ்வாமை உண்டா என்று விசாரித்த பிறகு.

கடுகு விதை உவமைக்குக் கடுகு, மளிகைக்கடை அண்ணாச்சி உபயம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள் என்பதால், ஆளுக்கு ஒரே ஒரு கடுகை அட்டையில் வைத்து மேலே செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். முளைக்க வைப்பது ஆசிரியர் மேஜையில், ஈரத்துணியில். இரண்டு மூன்று நாளில் தெரியும்.

புளித்த மாவு உவமைக்கு இட்லி மாவே உகந்தது. என்ன, வகுப்பு நேரத்துக்குள் புளிக்காது. அம்மாக்கள் ஒரே அளவு மாவை ஒரே மாதிரிக் கண்ணாடிப் புட்டிகளில் தந்தது அதற்காகத்தான்: ஒன்று முந்தின இரவு அரைத்தது, மற்றது அன்று காலை அரைத்தது. புட்டியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்; முதலில் மாவு இருந்த உயரத்தில் ரப்பர் வளையம் போடுங்கள், எவ்வளவு பொங்கியது என்று பிள்ளைகளே விரல் வைத்துச் சொல்வார்கள். முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி புதிய மாவுக்குள் போகிறதை எல்லோரும் பார்க்கட்டும், மறுநாள் அதே புட்டியைக் காட்டுங்கள்.

வலை உவமைக்குக் கரைவலைத் துண்டு தந்த கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு எங்கள் வணக்கம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஜெபங்களைத் தமிழில் எழுதவைத்து இந்தக் கரையோரப் பாலருக்குக் கற்பித்தவர்; அந்த மரபுக்காரர்களிடமிருந்து வலை வந்தது எங்களுக்குச் சந்தோஷம். அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டபின்தான் வகுப்புக்குள் எடுத்துவர வேண்டும், வாடை அப்படி. நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தரையில் கிடக்கும் அட்டை மீன்களை இழுக்கட்டும். கழுத்தில் போட்டு விளையாட விடக் கூடாது.

ஆட்டுக்குட்டி கொண்டுவந்த, ஆடு மேய்க்கும் கீதாரிக்கும் நன்றி, ஆனால் கடைசி நாளில் மட்டும் கொண்டுவருவது நல்லது. குட்டி வந்தபின் எந்த வசனமும் ஏறாது.

சில பொருள்கள் வேண்டாம் என்று சொல்லி உதவியவர்களும் உண்டு. அயோடின் கலந்த தண்ணீரை வைட்டமின் சி மாத்திரையால் தெளியவைத்து “பாவம் நீங்கிற்று” என்று காட்டும் வித்தையை அறிவியல் ஆசிரியை தடுத்தார். பிள்ளைகள் அதை மந்திரமாகப் பார்ப்பார்கள், வீட்டு மருந்துப்பெட்டியிலும் முயன்று பார்ப்பார்கள். கறுப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் பரிசுத்தம் என்கிற வண்ணத்தாள் பாடமும் அப்படியே. 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று தாள்களை வைத்துப் பிரசங்கித்ததிலிருந்து அது உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் ஊர் வகுப்பில் கறுப்புத் தாளைத் தூக்கிக் காட்டினால் பிள்ளை தன் கையைத்தான் பார்க்கும். அதற்குப் பதிலாகச் சேறு பட்ட கைக்குட்டையும் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் போதுமானவை.

பிற சமய வீடுகளிலிருந்து பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கு நன்றி. என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று முதல் நாளே எழுதித் தந்து, உங்கள் கையெழுத்து வாங்கியபின்தான் சேர்த்தோம். இனியும் அப்படியே.

மரக்கால், முக்காலி, தகரத் தட்டு, வலைத்துண்டு எல்லாம் கழுவித் துடைத்து ஆலய அலுவலகத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். மாவுப் புட்டிகளில் இரண்டுக்கு மூடி மாறியிருக்கிறது. அம்மாக்கள் வரும்போது பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு மூன்று கிலோ மீதம் இருக்கிறது. அசன விருந்துச் சமையலுக்கு வேண்டுமானால் உபதேசியாரிடம் கேட்டு வாங்கலாம்.

ஸ்தோத்திரத்துடன்,
பாலர் வகுப்பு ஆசிரியர்கள்