சித்தப்பாவுக்கு, பிரிக்காத காப்பித்தூள் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

நான் வாங்கி அனுப்பிய சிக்மகளூர் அராபிகா தூளை நீங்கள் இன்னும் பிரிக்கவே இல்லை என்று சித்தி சொன்னார். "அதைக் குடிச்சுப் பழகிட்டா அப்புறம் நம்ம தூள் தொண்டையில இறங்காது, பென்ஷன்காரனுக்கு எதுக்கு அந்த வம்பு" என்றீர்களாம். சிரிப்பு வந்தது. ஆனால் தள்ளிவிடக்கூடிய பேச்சாகவும் தோன்றவில்லை.

உங்கள் கட்சிக்கு ஆராய்ச்சியே உண்டு. அமெரிக்காவில், இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரிடம் பிரிக்மன் என்பவரின் குழு கேட்டது: காலைச் சாப்பாடு, நண்பரோடு அரட்டை, டிவி, நல்ல ஜோக், இதெல்லாம் எவ்வளவு சந்தோஷம் தருகிறது? பரிசு விழாதவர்களைவிட அவர்களுக்கு இவற்றில் சந்தோஷம் குறைவு என்று தெரிந்தது. 1978இல் வெளிவந்த கட்டுரை அது. ஆனால் பரிசு விழுவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. 22 பேர் என்பது நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது.

நீங்கள் குடிப்பது எண்பது-இருபது. அந்த இருபது சிக்கரி, ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் கருப்பும் கசப்பும் கெட்டியும் தரும், காஃபின் துளியும் கிடையாது. பாலும் சர்க்கரையும் தாராளமாக விடும் சித்தி கைக் காப்பிக்கு அந்தக் கெட்டி வேண்டும். நான் அனுப்பியதில் சிக்கரி இல்லை. லேசாகப் புளிக்கும், பால் கூடினால் ருசியே காணாமல் போகும். டிகாக்‌ஷன் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் தூளைக் கூடப் போடுங்கள். குடித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பானம் என்றே சொல்வீர்கள். நானும் காலையில் இந்த அராபிகாவைத்தான் குடிக்கிறேன், மாலையில் ஆபீஸ் வாசல் டீக்கடையில் கண்ணாடி கிளாஸை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கடைக்காரர் தூக்கி ஆற்றுவதும் யாரோ அரசியல் பேசுவதும் சேர்ந்துதானே அந்த ருசி. அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சரி, ஒன்றுமே கெடவில்லையா என்றால், கெட்டது. நெடுஞ்சாலையில் வரிசையாக 'கும்பகோணம் டிகிரி காப்பி' போர்டு இருக்கிறதே, அது. முன்பெல்லாம் பித்தளை டபராவைப் பார்த்ததுமே பாதி திருப்தி வந்துவிடும். இப்போது நாக்கு கணக்குக் கேட்கிறது. காப்பித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் தருகிறது, பாக்கெட்டில் அளவைப் போட்டாக வேண்டும். டபராவில் யார் போடப்போகிறார்கள்? உசத்தி என்று சொல்லிக்கொண்டு உசத்தியின் விலையையும் வாங்குவதைத்தான் நல்ல காப்பி எனக்குக் கெடுத்துவிட்டது. டீக்கடைக்காரர் அப்படி எதுவும் சொல்லிக்கொள்வதில்லை, அதனால் அவரிடம் எனக்கு வழக்கும் இல்லை. இந்த நஷ்டத்தில் எனக்கு வருத்தமே கிடையாது, வழியில் வண்டியை நிறுத்திக் குடிக்கும் செலவு மிச்சமாகிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்