பால் ஜாயின்ட் விஷயமாகப் பெரியவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ வண்டிப் படம் அனுப்பி இன்றோடு 41 நாள். அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் முன்பு நாலு விரல் போகும், இப்போது ஒன்று போனாலே அதிகம். 50 மி.மீ. இறக்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “காற்று இறங்கிப்போச்சா?” என்று கேட்டாள்.

‘நீளமான பால் ஜாயின்ட் போட்டு லோயர் ஆர்மை நேராக்கிவிட்டேன்’ என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை நாலைந்து தடவை படித்தேன். வண்டியை இறக்குகிற பாதிப் பேர், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற அந்த ஆர்ம் பக்கமோ, அதன் முனையில் இருக்கிற பந்து மூட்டுப் பக்கமோ திரும்புவதே இல்லை. சக்கரத்துப் பக்கம் ஆர்ம் மேலே தூக்கி நிற்கும். வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், வண்டி இறங்கியதைவிட இன்னும் அதிகமாக இறங்கிப்போயிருக்கும். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தும் வளைவில் சாய்கிறதே என்று இன்னும் கெட்டியான ஸ்பிரிங்காகத் தேடுவார்கள். எனக்கும் இதெல்லாம் தெரியாது. பத்தாவது படிக்கும்போது நீதான் கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்துப் போட்டுக் காட்டினாய். ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஸ்ட்ரட்டின் மேல் முனையிலிருந்து அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு, ஆர்ம் வழியாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கிற இடத்திலிருந்து டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கு ஒரு கோடு. அது வண்டியின் நடுக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அதுதான் ரோல் சென்டர். அந்த நோட்டு என் டூல் பாக்ஸில்தான் கிடக்கிறது, கிரீஸ் பிடித்து.

ஆனால் சக்கரத்தைத் திருப்புகிற டை ராட்டை என்ன செய்தாய்? அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லையே. ஆர்மின் வெளி முனையை மட்டும் கீழே கொண்டுவந்துவிட்டு டை ராட் எண்டைப் பழைய உயரத்திலேயே விட்டால், சக்கரம் ஏறி இறங்கும்போது இரண்டும் வேறு வேறு வளைவில் போகும். ஒவ்வொரு மேட்டிலும் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, மாறும், ஸ்டியரிங்கைத் தொடாமலேயே வண்டி பக்கவாட்டில் இழுக்கும். அலைன்மென்ட் மெஷினில் இது தெரியாது, அங்கே வண்டி சும்மா நிற்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை அசையாமல் கட்டி, ஜாக்கியால் சக்கரத்தை 10 மி.மீ. 10 மி.மீ. ஆக ஏற்றி, ஒவ்வொரு இடத்திலும் டோ பார். ஒரு நாள் வேலைதான். சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டும் பார். பந்துக்குச் சாய ஓர் எல்லை உண்டு. அது முட்டினால் அப்புறம் சாய்வது பந்து இல்லை, தண்டுதான் வளையும். ரிம்மின் உள்பக்கம் உரசுகிறதா என்றும் பார்த்துக்கொள்.

பால் ஜாயின்ட் நட்டு இறுக்கியாயிற்றா? நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னின் ஓட்டை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டும். தளர்த்திக் கொண்டுவரக் கூடாது.

படத்தைப் பெரிதாக்கி முன்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகப் பின்சீட்டும் தெரிந்தது. பாப்பாவின் சீட் அங்கே இல்லை. வேலை செய்யும்போது அழுக்காகும் என்று எடுத்து வைத்திருப்பாய். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் படத்தைப் பெரிதாக்கத் தெரியாது.

சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மாமா எப்போதும்போலத்தான்.

ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டெல்லாம் வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினாயா, தூக்கி வைத்தே இறுக்கினாயா? தூக்கி வைத்து இறுக்கியிருந்தால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். இதை உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், மறந்திருக்க மாட்டாய். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்றுதான் வருத்தம். இத்தனை வருஷம் ஊரார் வண்டிக்கெல்லாம் அடியில் படுத்தவன், சொந்த மகன் வண்டியைப் படத்தில் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் டேப்பர், தண்டு கூம்பிப் போகிற சரிவு. சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளின் ஓட்டையில் பால் ஜாயின்ட் தண்டு முழுக்க உட்கார வேண்டும். நீலச் சாயம் தடவிப் போட்டுக் கழற்றிப் பார், சுற்றிலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்க வேண்டும். தண்டு நீளம் கூடினால் அந்த இடத்தில் வளைக்கிற பாரமும் கூடும். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் தாங்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதில்லை. நம் வெள்ளை வண்டியை நானும் இறக்கினேன், நீ பிறப்பதற்கு முன்னால். வேறொரு வண்டியின் நீளமான பால் ஜாயின்ட் கிடைத்தது. டேப்பர் சேரவில்லை. கை ரீமரால் நக்கிள் ஓட்டையைக் கடைந்தேன். சாயம் இரண்டே இடத்தில்தான் ஒட்டியது. பார்த்தேன். பார்த்துவிட்டு, நட்டு இழுத்துக்கொள்ளும் என்று இறுக்கி மூடினேன். மூன்றாவது வாரம் இடது பக்கம் ‘கடக் கடக்’ என்றது. அம்மாதான் முதலில் சொன்னாள். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

வேகம்கூட இல்லை. மெதுவாகத் திருப்பினேன், சக்கரம் உள்ளே மடிந்துவிட்டது. அவள் இடது கையை டாஷ்போர்டில் ஊன்றினாள். அந்த மணிக்கட்டுதான். இன்றைக்கும் குடத்தை அந்தக் கையால் தூக்க மாட்டாள், தெரியுமே.

பார்ட் சரியில்லை, செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உடைந்த தண்டைப் பார்த்தது நான் ஒருவன்தான். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்து வழவழப்பாக இருந்தது, ஓரத்தில் மட்டும் புதிதாகப் பளபளத்தது. அன்றைக்கு உடைந்ததில்லை அது. நாள் நாளாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. நான் மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் வேலை அப்படி இருக்காது. உன் கை என் கையைவிடச் சுத்தம். ஆனாலும் இரண்டு பக்கமும் கழற்றி ஒரு தடவை சாயம் போட்டுப் பார்த்துவிடு. நட்டைத் தளர்த்தி ஓட்டைக்குக் கொண்டுவராதே. புது ஸ்பிளிட் பின் போடு, பழையதை நிமிர்த்திப் போடாதே.

வேலை இருந்தால் நான் வந்து இரண்டு நாள் இருக்கிறேன். எனக்குத் தனி அறை வேண்டாம். பாப்பா அங்கே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வருகிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

மணிக்கட்டு விஷயத்தை அம்மாவிடம் நீ சொல்லாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா