கையெழுத்துப் போட்டு ஓராண்டு ஆகிவிட்டது, ஐயா

25 செப்டம்பர் 2025

ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்துக்கும் புவி அறிவியல் அமைச்சகத்துக்கும்,

வணக்கம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் உள்ள உயிர்களைக் காக்க ஐ.நா. கொண்டுவந்த ஆழ்கடல் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டு இன்றோடு சரியாக ஓராண்டு. கையெழுத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று ஒரு நாடு முறைப்படி தருவது ஏற்புறுதி. போன 19ஆம் தேதி அப்படி ஏற்புறுதி செய்த நாடுகள் அறுபதாகிவிட்டன. 2026 ஜனவரி 17 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருகிறது. அந்த அறுபதில் நாம் இல்லை. தயவுசெய்து உறுதி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துக்காரன். இருபது வருஷமாகத் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறேன். நீங்கள் வரைபடத்தில் பார்க்கும் அந்தக் கடலில்தான் வருஷத்தில் பாதி நாள் நாங்கள் சோறு பொங்கித் தின்கிறோம்.

போன தங்கலில் லட்சத்தீவையும் தாண்டி, நாலு நாள் ஓட்டத்தில், நிறைய தூண்டில் முள் கட்டிய நீளக் கயிறான ஆயிரங்கால் தூண்டிலை இழுத்துக்கொண்டிருந்தோம். கயிறு திடீரென்று கனத்தது. பெரிய சுறா என்று நினைத்தோம். வந்தது ஒரு மூங்கில் தெப்பம். மேலே கறுப்பு வலை சுற்றியிருந்தது, அடியில் பழைய வலை பல பாகம் நீளத்துக்கு வால்போலத் தொங்கியது. சூரை மீன் வந்து அடையட்டும் என்று பெரிய கப்பல்கள் மிதக்கவிடுவது இது. அதோடு கட்டியிருந்த கருவியில் ஓர் எண் மட்டும் இருந்தது. எந்த நாடு, எந்தக் கப்பல் என்று ஒன்றும் இல்லை.

அந்த வலையில் மூன்று குட்டிச் சுறாக்கள் செத்து ஊறிப்போயிருந்தன. ஒரு பங்குனி ஆமைக்கு மட்டும் உயிர் இருந்தது. நைலான் நூல் அதன் முன்துடுப்பில் எலும்புவரை இறங்கியிருந்தது. எங்களோடு வந்த தம்பி அதைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, இரை வெட்டுகிற கத்தியால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தான். முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீரில் விட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நீந்திப் போனது.

கரைக்கு வந்ததும் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தாளில் எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "இது நம்ம எல்லைக்கு வெளியே இருக்கே" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே கேட்பாரில்லை என்பதுதான் உண்மை.

இந்தத் தெப்பங்களைக் கட்டுப்படுத்துவது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் வேலை என்பீர்கள். சரி. 2023இல் மொம்பாசாவில் கூடி, வருஷத்தில் 72 நாள் இவற்றுக்குத் தடை என்று அந்த ஆணையம் முடிவெடுத்ததே, என்ன ஆனது? ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் ஆட்சேபித்தன, தடை தடையாகவே இல்லாமல் போனது. அதனால்தான் கடலின் சில பகுதிகளையாவது காப்பிடமாக அறிவிக்க வழி வைத்திருக்கும் இந்த ஒப்பந்தம் வேண்டும் என்கிறோம். நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்குள் முதல் மாநாடு கூட வேண்டும். எந்தக் கடலைக் காப்பது என்று அங்கே பேசும்போது, உறுதி செய்த நாடுகளுக்குத்தான் வாக்கு. செஷல்ஸ் போன்ற சின்னத் தீவு நாடு கையை உயர்த்தும், நாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போமா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடு இந்தியப் பெருங்கடலில் கனிம உருண்டை தேட 75,000 சதுர கி.மீ. கடற்படுகைக்கு 2002இலேயே ஒப்பந்தம் போட்டோம். இந்த மாதம் கடலடியில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் இன்னும் 10,000 சதுர கி.மீ.யில் கனிமம் தேடும் உரிமை வாங்கியிருக்கிறோம். தோண்டுவதற்கு அவ்வளவு தூரம் போக முடிகிற நமக்குக் காப்பதற்குப் போக முடியாதா? சுறாவைத் துடுப்பு வெட்டாமல் முழுசாகக் கரையிறக்கு என்று 2013இல் எங்களுக்குச் சொன்னீர்கள். அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதே கடலில் பேரே இல்லாத வலை சுறாக்குட்டிகளைக் கொல்வதை யார் தடுப்பது?

கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். 2024 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒப்பந்தத்தை, முதல் மாநாடு கூடும் முன் உறுதி செய்யுங்கள்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் படகுகள் பலவற்றில் இப்படிக் குறித்துவைத்த இடங்கள் உண்டு. யாரிடம் தர வேண்டும் என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.

பணிவுடன்,
தூத்தூர்க் கரையிலிருந்து ஒரு தங்கல் தொழிலாளி