வாளியில் வந்த விரால்

மேலூர்,
மாசி 28

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மருமகளும் குட்டிப்பயலும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். நீயும் எப்போது கூப்பிட்டாலும் காரில் இருக்கிறாய், இல்லாவிட்டால் படகில் இருக்கிறாய். பேப்பர் என்றால் நான் பாட்டுக்கு எழுதிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மீன் பிடிக்கப் போன படங்கள் வந்தன. அங்கே நியூசிலாந்தில் காலை ஆறு மணி என்றால் இங்கே முந்தின ராத்திரி பத்தரை. படகில் ஏறுகிறோம் என்று நீ முதல் படத்தை அனுப்பியபோது படுக்கையை விரித்துக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்துவிட்டோம் என்று செய்தி வந்தபோது இங்கே விடிகாலை நாலரை. அதுவரைக்கும் முழித்தேதான் கிடந்தேன். அம்மாவும் முழித்துத்தான் கிடந்தாள், ஆனால் தூங்குகிற மாதிரி காட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்று. குட்டிப்பயல் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டில் நெஞ்சுக்கு நேரே இரண்டு கொக்கியும் மாட்டியிருக்கிறது. காலுக்கு நடுவே வந்து மாட்டுகிற வார் மட்டும் பின்னால் வால் மாதிரி தொங்குகிறது. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சின்னப் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் அந்தச் சட்டை மேலே வந்துவிடும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடுவான். படகுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதே, நீ மாட்டு. மாட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார். லஸ்கர் வேலையில் முப்பத்திரண்டு வருஷம் பெரியாறு வாய்க்கால் மதகில் நின்றவன் நான். அந்தத் தண்ணீரிலிருந்து யார் யாரைத் தூக்கிக் கரையில் போட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அப்புறம், உன் மீன்பிடிச் சங்கத்து விஷயம் இங்கே தெரு முழுக்கப் பரவிவிட்டது. அம்மாவின் வேலைதான். கீழத்தெரு அத்தை வந்து, "இஞ்சினியருக்குப் படிக்க வச்சு ஆக்லாந்துக்கு அனுப்பினா, அங்கயும் மீன் பிடிக்கிற வேலைதானா?" என்று கேட்டுவிட்டாள். நான்தான் உட்கார வைத்து விளக்கினேன். சங்கத்துக்காரர்கள் சேர்ந்து கேப்டனோடு ஒரு படகையே வாடகைக்குப் பிடிப்பார்கள், செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள், தூண்டில், இரை எல்லாம் படகிலேயே இருக்கும் என்றேன். மெம்பர்கள் மட்டும் போகிற நாளில் வெளிக்கடல் வரை போவார்கள். குடும்பத்தோடு போகிற நாளில் ஹவுராக்கி வளைகுடாவுக்குள்ளேயே, அந்த எரிமலைத் தீவு ரங்கிடோட்டோ பக்கமாக அலை கம்மியான இடமாய்ப் பார்த்து நிறுத்தி, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள் என்றும் சொன்னேன். நீ குரல் செய்தியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப காசு குடுத்து மீன் பிடிக்கிறாங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

எனக்குப் பெருமைதான். இல்லையென்று சொல்லவில்லை. ஸ்னாப்பர் என்றாயே, மதுரை கரிமேட்டில் சங்கரா என்று விற்பார்கள், பார்க்க அது போலவே இருக்கிறது. முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், ஆளுக்கு ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது, பிடித்ததை விற்கவும் கூடாது என்று சொன்னாய். விற்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டும்தான். கண்மாயில் பிடித்ததை விற்றால் சாமி குத்தம், வீட்டில் குழம்பு வைக்கணும், மிஞ்சினால் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கணும். ஆனால் அளந்து பார்த்து விடுகிற பழக்கம் நம்மிடம் இல்லை. வற்றப் போகிற தண்ணீர்தானே என்று குஞ்சு குருமான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவோம். குட்டிப்பயல் ஒன்றை அளந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே தண்ணீரில் விட்ட வீடியோவை அம்மா இருபது தடவை பார்த்துவிட்டாள்.

ஆனாலும் நாலு மாதத்தில் ஆறு தடவை கடலுக்குப் போயிருக்கிறாய். நான் எண்ணவில்லை, அம்மா எண்ணினாள். சரி, நானும் எண்ணினேன். கடல் என்றால் எனக்குத் தெரிந்தது ராமேஸ்வரம்தான், அதுவும் அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு. 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன ரயிலையே கடல் கொண்டுபோனதை உன் தாத்தா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். உங்கள் படகில் ரேடியோ இருக்கும், வானிலை பார்த்துத்தான் கிளம்புவார்கள், எல்லாம் இருக்கட்டும். கேப்டன் வேண்டாம் என்று சொல்கிற நாளில் கட்டின பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டிலேயே இரு. அந்த வாரை மாட்டு.

வீட்டிலேயே இரு என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை குடும்பப் படகு, மூன்று இடம் பிடித்திருக்கிறேன் என்று நீதான் சொன்னாய். படத்தில் உன் பக்கத்து இடத்தில் ஐஸ் பெட்டி இருக்கிறது. மருமகளுக்கு டியூட்டியாக இருக்கும். படம் எடுத்ததே அவளாக இருக்கும் என்றாள் அம்மா. இருக்கலாம். ஆனால் பதினோரு படத்திலும் உன் கை நீண்டிருக்கிறது, நீயே எடுத்தது என்று முழங்கை சொல்கிறது. குட்டிப்பயல் கையில் கடையில் வாங்கின ரொட்டி. போன வருஷம் நீங்கள் பீச்சுக்குப் போனபோது தூக்குவாளியில் புளியோதரை, தனியாக ஒரு டப்பாவில் வடகம் என்று படம் அனுப்பினாள் அவள். தையிலிருந்து அவள் குரலை நாங்கள் கேட்கவில்லை. குளிக்கிறாள் என்கிறாய், வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். பொங்கலன்றும் குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அலை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதுமே ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டவள்தானே. அப்படியானால் இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளச் சொல், தூரத்துக் கரையையே பார்த்துக்கொண்டு உட்காரச் சொல். அதற்கும் கேட்காவிட்டால் படகே வேண்டாம், மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுங்கள். அங்கேயும் மீன் கடிக்கும்.

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திவிட்டார்கள். செவலை மாடு கன்று போட்டது, கிடேரி. மேலவீட்டுப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம், பத்திரிகை வந்தால் அனுப்புகிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கண்மாயில் இன்னும் முழங்கால் தண்ணீர் கிடக்கிறது, பங்குனியில் மீன்பிடி வைப்பார்கள் என்று பேச்சு. இப்போதெல்லாம் தண்டோரா கிடையாது, வாட்ஸப்பில் போடுகிறார்கள். சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், மீனைவிடக் கால்தான் அதிகம்.

மீன்பிடி என்றதும் இதை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

1997 மீன்பிடியன்றுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்று சங்கத்தில் சேர்ந்தபோது எல்லாரிடமும் சொன்னாயாமே. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. அம்பலகாரர் கரைமேட்டில் நின்று வெள்ளைத் துண்டு வீசினார். ஊர் மொத்தமும் ஊத்தாக் கூடையும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்கியது. நீ என் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றாய். ஊத்தாவைக் குத்தினோம், உள்ளே ஒரு விரால் முட்டியது, மேல்வாய் வழியாகக் கையை விட்டு நீயே பிடித்தாய். நீ நினைவு வைத்திருப்பதெல்லாம் சரிதான்.

அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லை. அது நினைவிருக்கிறதா? திருமங்கலத்து அம்மாச்சிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அம்மாச்சிக்கு அப்போது ஒரு கேடும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். அதற்காக அம்மாவின் சங்கிலியை அவளைக் கேட்காமல் எடுத்து அடகு வைத்தேன். எங்கே என்று கேட்டாள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை இந்தப் பேப்பரில் எழுத மாட்டேன். அவள் பதில் பேசவில்லை, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

தானாக வருவாள் என்று இருந்தேன். அப்படியே ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதமும் ஞாயிறு தவறாமல் உன்னைக் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் கூட்டிக்கொண்டு போனேன், தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்தேன். அப்பா என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரில் சொன்னார்கள். வீட்டில் இருந்தால் நீ அம்மாவைக் கேட்பாய், அதற்குப் பயந்துதான் போனேன்.

விரால் சீக்கிரம் சாகாது. அதை வாளித் தண்ணீரில் விட்டு, அம்மாவிடம் கொடுக்கணும் என்று பிடிவாதம் பிடித்தாய். சரியென்று கிளம்பினோம். பஸ்ஸில் தண்ணீர் தளும்பிக் கண்டக்டர் சத்தம் போட்டார். மதுரையில் பஸ் மாறி, திருமங்கலம் போய் இறங்கினோம். அம்மாச்சி வீட்டுத் தெருமுனையில் டீக்கடை இருந்ததே, அங்கேயே நான் நின்றுகொண்டேன். வாளியை உன் கையில் கொடுத்து, "நீ போய்க் குடுத்துட்டு வா, அப்பா டீ குடிச்சுட்டு வர்றேன்" என்றேன். அரைமணி நேரம் நின்றேன், டீ குடிக்கவில்லை. நீ வெறும் வாளியோடு திரும்பி வந்து, "அம்மா அழுவுதுப்பா, மீன் கடிச்சிருச்சு போல" என்றாய்.

பதினைந்து நாள் கழித்து அவளாகத்தான் வந்தாள். நான் போய்க் கூப்பிட்டு வரவில்லை. சங்கிலியை மறு வருஷம் மீட்டுக் கொடுத்தேன், சொன்ன வார்த்தைக்கு இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி சொல்லிவிடலாம் என்று அடுப்படி வாசல் வரைக்கும் போனேன். "என்ன, சுக்குக் காப்பியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உன் வீட்டில் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கிழவன் எதையோ நினைத்துக்கொண்டு எழுதுகிறான் என்று சிரித்துவிட்டுப் போ. தப்பு யார் மேல் என்றும் நான் கேட்கப் போவதில்லை.

மருமகளுக்கு அம்மா ஒரு சுங்குடிச் சேலை எடுத்திருக்கிறாள், அரக்கில் மஞ்சள் புள்ளி. பொடி, ஊறுகாய் வைத்தால் அங்கே பிரித்துப் பார்ப்பார்கள் என்று நீ முன்பு சொன்னதால் சேலை மட்டும் தனிப் பார்சலாக வருகிறது. மேலே மருமகள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வந்ததும் நீயே கொண்டுபோய் அவள் கையில் கொடு. தெருமுனையில் நின்றுகொண்டு குட்டிப்பயலிடம் கொடுத்து அனுப்பாதே.

இப்படிக்கு,
அப்பா