வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி

எங்கள் ஆசிரியப் பெருமக்களுக்கும், அச்சகத்தாருக்கும், உடன் பயிலும் நண்பர்களுக்கும், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவுக்கும் மலர்க்குழுவின் வணக்கம்.

பள்ளி ஆண்டு மலர் அச்சாகி வந்து வகுப்புதோறும் வழங்கப்பட்டுவிட்டது. அதன் இரண்டாம் பக்கத்தில் நன்றிக்குரியோர் பட்டியல் ஒன்று இருக்கிறது. உட்பக்கங்களை முதலில் முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டு அட்டையைக் கடைசியாகச் செய்தோம். ஆகவே அட்டைக்காக உழைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே மலர்க்குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லாரையும் அவரவர் பணியைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அட்டை நன்றாக வந்திருக்கிறது என்று பலரும் எங்களைப் பாராட்டுகிறார்கள். ஆனால் நாங்கள் செய்ய நினைத்த அட்டை இதுவன்று. எங்களைத் தடுத்தவர்களால் கிடைத்த அட்டை இது.

முதல் நன்றி ஓவிய ஆசிரியருக்கு. நாங்கள் அவரிடம் கொண்டுபோய்க் காட்டிய முதல் மாதிரியில் பதினான்கு புகைப்படங்கள் இருந்தன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கொடியேற்றம், நாடகம், சிறப்பு விருந்தினர் என ஒன்றும் விட்டுப்போகக் கூடாது, எந்தக் குழுவும் மனம் வருந்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தோம். அவர் ஒரு சொல்லும் குறை சொல்லாமல், தாளைக் கரும்பலகையில் ஒட்டி, எங்களைக் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். ஒட்டுத்துணியில் தைத்த போர்வை ஒன்று தொங்குவது போலத்தான் தெரிந்தது. கொடி எது, நாடகம் எது என்று படத்தை ஒட்டிய எங்களாலேயே சொல்ல முடியவில்லை. அட்டையை முதலில் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்றும், அந்தத் தூரத்தில் மலரின் பெயர், ஒரே ஒரு படம், எந்த ஆண்டு என்ற மூன்றும் தெரிந்தால் போதும் என்றும், மற்றவை கைக்கு வந்த பிறகு படிப்பதற்கானவை என்றும் அவர் விளக்கினார். அதன் பின் எந்தப் படத்தை வைப்பது என்ற சண்டை இரண்டு நாள் நடந்தது. அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. தம்முடைய படமும் விருந்தினர் படமும் உள்ளே இருந்தால் போதும் என்று தலைமையாசிரியர் தாமாகவே சொல்லிவிட்டதால் அந்தச் சண்டை முடிவுக்கு வந்தது. அவருக்கும் எங்கள் நன்றி.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் மைப்பேனாவால் வரைந்த படத்தைத் தேர்ந்தோம். மாலையில் எல்லாரும் போன பிறகு வெறிச்சோடிய நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு சைக்கிள் நிற்கும் காட்சி அது. படத்தின் மேல் மூன்றிலொரு பங்கில் வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெற்றிடம் மலரின் பெயருக்கென்றே விட்டுவைத்தது போல அமைந்தது. படத்தில் மனித முகம் இல்லாததால் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கும் வேலையும் மிச்சமாயிற்று. தாளில் இருந்த கோட்டோவியத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்காமல் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கணினி ஆசிரியர் வற்புறுத்தினார். நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பிச் சுருங்கிப்போன 960 பிக்சல் அகலப் படத்தை ஏ4 அட்டையின் முழு அகலத்துக்கும் இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 116 பிக்சல்தான் தேறும் என்பதையும், நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பதையும் அவர் பலகையில் வகுத்துக் காட்டிய பிறகே கைப்பேசியை உள்ளே வைத்தோம்.

இனி, சைக்கிள் நிறுத்துமிடத்து ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூல ஓவியத்தில் சைக்கிள் இடப்பக்கம் நோக்கி நின்றது. தமிழை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அட்டையைத் திறப்பதும் வலப்பக்க ஓரத்தைப் பிடித்துத்தான். ஆகவே அட்டையில் உள்ள உருவம் வலப்பக்கம் நோக்கினால் வாசகரை உள்ளே அழைப்பது போலிருக்கும், இடப்பக்கம் நோக்கினால் தாள்களை இணைத்திருக்கும் முதுகில் போய் முட்டிக்கொள்வது போலிருக்கும் என்பது அட்டை வடிவமைப்பில் பலரும் கைக்கொள்ளும் வழக்கம். இதைக் கேள்விப்பட்டதும் நாங்கள் கணினியில் ஒரே சொடுக்கில் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டோம். சைக்கிள் வலப்பக்கம் பார்த்தது. எங்களுக்கும் பெருமையாக இருந்தது. அதன் அச்சுப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துமிடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஐயா எட்டிப் பார்த்து, படம் வரைந்த மாணவியிடம், “ஏம்மா, இந்த வண்டிக்குச் செயின் எங்கே?” என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பக்கத்தில் நின்ற ஒரு சைக்கிளைத் திருப்பி நிறுத்திக் காட்டினார். செயினும் பல்சக்கரமும் வண்டியின் வலப்பக்கத்தில் இருக்கும். பக்க ஸ்டாண்டு இடப்பக்கத்தில் இருக்கும். வலப்பக்கம் நோக்கி நிற்கும் வண்டியைப் பார்க்கிறவர் கண்ணுக்குச் செயின்தான் முன்னால் தெரிய வேண்டும். எங்கள் படத்திலோ செயின் இருக்க வேண்டிய பக்கத்தில் ஸ்டாண்டு இருந்தது. நாள்தோறும் அதே வண்டிகளில் வந்து போகும் எட்டுப் பேர் கூடிச் செய்த அட்டையில் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்த மாணவி அன்றே புதிய தாளை எடுத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு மாலைகளில் முழுப் படத்தையும் மறுபடி வரைந்தார். ஐயா அவருக்காக ஒரு சைக்கிளை அதே இடத்தில் நகர்த்தாமல் வைத்திருந்தார். வண்டிக்குரிய மாணவர் அந்த இரண்டு நாளும் நடந்து வீட்டுக்குப் போனார். ஐயாவுக்கும், மாணவிக்கும், நடந்து போன தம்பிக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மூவர் பெயரும் பட்டியலில் இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

எழுத்து வேலையில் எங்களைத் திருத்தியவர் தமிழ் ஆசிரியை. ஆங்கில இதழ்களைப் பார்த்துப் பழகியதால் அவற்றின் உத்திகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரப் பார்த்தோம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. அழுத்தம் வேண்டுமானால் எழுத்தின் பருமனையும் அளவையும் நிறத்தையும்தான் மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஐந்து விதமான எழுத்துருக்களைக் கலந்து வைத்திருந்தோம். அவர் ஒரே எழுத்துருவை மெல்லியது, தடித்தது என்னும் இரண்டே நிலைகளில் பயன்படுத்தச் சொன்னார். மலரின் பெயரை இடப்பக்க ஓரத்தில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைக்கும் யோசனையையும் அவர் ஏற்கவில்லை. நாங்கள் கையாண்ட மென்பொருள் துணைக்காலைத் தனியே பிரித்து அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தது, அதைக் காட்டி, “இந்தக் காலை யார் ஒடித்தது?” என்று கேட்டார். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’ மேல் இடித்துக்கொண்டிருந்ததையும் அவரே கண்டார். தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் கொம்பும் சுழியும் விரிப்பவை என்பதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி இங்கே போதாது.

பழைய மலர் ஒன்றைப் பார்த்து எங்கள் குழுவில் இருவர் தலைப்பெழுத்தை வரைந்தபோது, பெயரில் வரும் ‘னை’யை யானையின் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவத்திலேயே எழுதியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதை விட மனமே இல்லை. ஆனால் 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு வந்த பாடநூல்களில் படித்த பிள்ளைகளுக்கு அந்த வடிவம் பழக்கமில்லை. ஆறாம் வகுப்பில் பத்துப் பேரிடம் காட்டினோம். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறினார்கள். முன்னட்டையில் புதிய வடிவமும், பின்னட்டையின் அடியில் பழைய தலைப்பெழுத்து சிறிய அளவில் ஒரு நினைவாகவும் இருக்கட்டும் என்று ஆசிரியை தீர்த்து வைத்தார். இதழ்ப்பெயரின் எழுத்து வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடாது, நிறம் மட்டும் மாறலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த குழுவினர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கடைசியாக, அட்டையில் ‘சிறுகதை போட்டி’ என்று இருந்ததில் விடுபட்ட ‘ப்’பைச் சேர்த்தவரும் அவரே. ஒற்றுப்பிழை உள்ளே எங்காவது இருந்தால் மெய்ப்புத் திருத்தியவரோடு போய்விடும். விரற்கடை உயர எழுத்தில் அட்டையிலேயே இருந்திருந்தால் நாங்கள் யாரும் தலைகாட்டியிருக்க முடியாது.

நிறத்தைப் பற்றி. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவர் மட்டும் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அக்கா, பெயரை இன்னும் எழுதவில்லையா?” என்று கேட்டார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். இந்தக் குறை ஆண்களிடம்தான் மிகுதி, அதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்று உயிரியலில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவர்கள் நாங்கள். அட்டை செய்யும்போது அது நினைவுக்கு வரவில்லை. மாதிரியைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பார்த்தோம். எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகிக் கலந்துவிட்டன. வெளிர் மஞ்சளில் கருநீலம் என்று மாற்றிய பிறகு, நகலிலும் எழுத்து பளிச்சென்று நின்றது. கேட்கத் தயங்காத அந்தத் தம்பிக்கு நன்றி.

அச்சகத்தில் அட்டை வேலையைக் கவனித்த அண்ணன் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்குக் கணக்கில்லை. ஏ4 அளவான 210க்கு 297 மில்லிமீட்டரில் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெட்டும் கத்தி ஒரு நூலிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும் என்பதால், பின்னணி நிறம் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், ஆகவே கோப்பு 216க்கு 303 இருக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தை ஒட்டி நின்ற ஆண்டு எண்ணையும் உள்ளே தள்ளச் சொன்னார். திரையில் மின்னிய நீலம் மாதிரித் தாளில் மங்கிப்போனதைக் கண்டு நாங்கள் முகம் வாடியபோது, திரை ஒளியை உமிழ்ந்து நிறம் காட்டுகிறது, மை ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது, ஆகவே திரையின் எல்லா நிறங்களும் நான்கு மைகளுக்குள் அடங்கா என்று பொறுமையாக விளக்கி, கருமையைச் சற்றுக் கூட்டி அந்த நீலத்தைத் தேற்றித் தந்தார். சிறிய எழுத்துகளை நான்கு மையிலும் கலந்து அச்சிடாமல் கறுப்பில் மட்டும் அச்சிட்டதால்தான் அவை இரட்டைப் பிம்பமாகத் தெரியாமல் கூர்மையாக நிற்கின்றன. முதுகுக்கு நாங்கள் ஒரு சென்டிமீட்டர் விட்டிருந்தோம். 96 பக்கம் என்றால் 48 தாள்தான், 5 மில்லிமீட்டருக்குச் சற்றே முன்பின்னாக வரும் என்று தாளை அடுக்கி அளவுகோலை வைத்தே காட்டினார். அவ்வளவு குறுகிய முதுகில் பெயரும் ஆண்டும் மட்டும் மேலிருந்து கீழாகப் போகின்றன. மலரை முகம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்தால் அவை நேராகப் படிக்க வரும். பளபளப்பான லேமினேஷன் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தபோது, கோட்டோவியத்துக்குப் பளபளப்பில்லாத மேட் வகைதான் பொருந்தும், விளக்கின் ஒளி அதில் பட்டுக் கண்ணைக் கூசாது என்று இரண்டு துண்டுகளை அருகருகே காட்டி எங்கள் வாயை அடைத்தார்.

நூலகர் அம்மாவுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. உண்மையான இதழ் போல் தோன்ற வேண்டும் என்ற ஆசையில், கடையில் விற்கும் இதழ் ஒன்றின் பட்டைக்கோட்டை (பார்கோடு) படமெடுத்துப் பின்னட்டையில் ஒட்டியிருந்தோம். அந்தக் கோடுகளுக்குள் 977 என்று தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் இதழ்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் என்ற, அந்த இதழுக்கே உரிய எண் அடங்கியிருக்கிறது, அதை ஒட்டிக்கொள்வது இன்னொருவர் வண்டி எண்ணை நம் வண்டியில் மாட்டுவது போன்றது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். விற்பனைக்கு வராத பள்ளி மலருக்குப் பட்டைக்கோடு தேவையே இல்லை. அந்த இடத்தில் ஓவியம் வரைந்தவரின் பெயரும் வகுப்பும் வந்தன.

மலர் வந்த அன்று மாலை, முதற்கட்டில் இருந்து ஒரு படியை எடுத்துக்கொண்டு நிறுத்துமிடத்துக்குப் போனோம். ஐயா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பெயரையோ நிறத்தையோ பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைச் சற்று ஏற்றிவிட்டுக்கொண்டு செயின் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். பிறகு பல்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

மிக்க நன்றியுடன்,
மலர்க்குழுவின் சார்பில்,
மாணவ ஆசிரியர்