ஹெவி லைசென்ஸ் பயிற்சியும் தேர்வும் விதிப்படி நடக்க வேண்டி மனு

அனுப்புநர்:
லாரி கிளீனர், ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: கனரக வாகன ஓட்டுநர் பயிற்சியில் விதி சொல்லும் 15 மணி நேரத்தை முழுமையாகத் தரவும், ஏற்ற இறக்கத்தில் வைத்துத் தேர்வு நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 24 வயது ஆகிறது. ஆறு வருடமாகப் பன்னிரண்டு சக்கர லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எட்டாம் வகுப்பு படித்திருந்தால்தான் ஹெவி லைசென்ஸ் என்ற விதி முன்பு இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் இதைச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கும் டிரைவர் சீட்டில் உட்காரும் ஆசை வந்தது.

சட்டம் கேட்டதையெல்லாம் வரிசையாக முடித்தேன். முதலில் கார் லைசென்ஸ் எடுத்து, அதற்கு ஒரு வருடம் ஆகும்வரை காத்திருந்தேன். மருத்துவச் சான்று வாங்கி, டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டேன். அடுத்து வேண்டியது டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5, அதாவது பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ். அது இல்லாமல் ஹெவி டெஸ்டுக்குப் போக முடியாது.

பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சிப் பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு பள்ளியோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் பஸ் ஏறி இங்கே வந்திருக்க மாட்டேன். ஒன்பது நாள் போனேன். ஒரு பழைய லாரியில் ஐந்து பேர். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் முறை போட்டு ஆளுக்குப் பத்து நிமிடம், இரண்டாவது கியர் தாண்டாமல் ஒரு வட்டம். கூட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங் என் கையில் இருந்தது இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. பத்தாவது நாள், "சர்டிபிகேட் ரெடி, டெஸ்டுக்குத் தேதி எடுத்துக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 31 போக்குவரத்து வாகனத்துக்கு 30 நாளுக்குக் குறையாத பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் வண்டியை ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று படிவம் 15-ல் பதிவேடு வைக்க வேண்டும். எந்த வகை வண்டிக்குக் கற்றுத் தருகிறார்களோ அந்த வகையில் ஒன்றாவது பள்ளிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், பயிற்றுநர் பக்கமும் பிரேக் இருக்க வேண்டும். நான் ஓட்டிய லாரியில் அவர் பக்கம் இருந்தது ஒரு தண்ணீர் கேன்தான்.

அந்தச் சான்றிதழை நான் இன்னும் வாங்கவில்லை. வாங்கி டெஸ்டுக்குப் போனால் நானும் அந்தப் பொய்யில் பங்காளி ஆகிவிடுவேன். "எல்லாரும் இப்படித்தாண்டா எடுத்தோம், போய் வாங்கு" என்று வண்டியில் கேலி செய்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவர்கள் லைசென்ஸ் எடுத்த பிறகு வருடக்கணக்கில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றவர்கள். இப்போது பல வண்டிகள் கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளோடு ஓடுகின்றன. லைசென்ஸ் வாங்கின வாரமே சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் பயப்படுவது தொப்பூரை நினைத்து. தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது அந்தக் கணவாய் இறக்கத்தில் எத்தனை லாரிகள் கவிழ்ந்தன என்பதை ஆட்சியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. முப்பது டன்னுக்கு மேல் உள்ள மொத்த எடையையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடேறிச் சிவந்தபின் எத்தனை மிதித்தாலும் பிடிக்காது. இரட்டைப் பாலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்கு" என்று எங்கள் அண்ணன் நூறு முறை சொல்லியிருக்கிறார். சொல்லிக் கேட்டிருக்கிறேன், என் காலும் கையும் அதைச் செய்து பார்த்ததில்லை.

அதே விதிகளில் லைசென்ஸ் டெஸ்டைப் பற்றிச் சொல்லும் விதி 15-ஐ ஒருவர் படித்துக் காட்டியபோது ஆச்சரியமாக இருந்தது. இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றிக் காட்ட வேண்டும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திவிட்டு வண்டி பின்னால் உருளாமல் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைத்தானே நாங்கள் கேட்கிறோம்! நான் வேடிக்கை பார்த்த டெஸ்ட் கிரவுண்டுகள் எல்லாம் உள்ளங்கை மாதிரி சமதளம். லாரியும் காலி லாரி. காலை நேரத்தில் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது ஆய்வாளர் மட்டும் என்ன செய்வார்? கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் கூட்டிப் போகச் சொல்லவில்லை. மண் கொட்டி ஒரு மேடு, அதன் மேல் கான்கிரீட் போட்டால் போதும்.

சின்ன வண்டி ஓட்டிப் பிழைக்கலாமே என்று கேட்பார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, ஆனால் நாமக்கல்லில் வேலை கிடப்பது டாரஸ் என்கிற பல சக்கர லாரியிலும் டிரெய்லரிலும் கேஸ் டேங்கரிலும்தான். டேங்கருக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி வேறு உண்டு. அடிப்படையே கற்காதவனை அதில் உட்கார வைத்து என்ன பயன்?

ஆகவே, மாவட்டத்தில் ஹெவி கற்றுத்தரும் பள்ளிகளின் படிவம் 15 பதிவேட்டையும் லாரியையும் முன்னறிவிப்பின்றிப் பார்வையிட உத்தரவிட வேண்டுகிறேன். தேர்வு மைதானத்தில் ஒரு சரிவு மேடை அமைப்பதையும், சுமை ஏற்றிய லாரியில் தேர்வு நடத்துவதையும் தாங்கள் தலைமை வகிக்கும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவில் எடுத்துப் பேச வேண்டும். அரசு சார்பில் ஹெவி கற்றுத்தரும் இடம் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. இங்கிருந்து அது சுமார் 400 கிலோமீட்டர். கிளீனர் படியில் அங்கே ரூம் எடுத்துத் தங்க முடியாது. லாரிக்குப் பேர்போன நாமக்கல்லிலேயே, அரசு ஐ.டி.ஐ. வளாகத்திலோ பஸ் டெப்போவிலோ அப்படி ஒன்றைத் தொடங்கப் பரிந்துரை செய்தால் இந்தப் பக்கத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் உதவும்.

அப்புறம் என் சொந்த விஷயம் ஒன்று. என் எல்.எல்.ஆர். ஆறு மாதத்தில் இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி. கட்டிய பணத்துக்கு மீதமுள்ள மணி நேரத்தை லாரியில் ஓட்டவிட்டு, அதன் பிறகே சான்றிதழ் தரும்படி அந்தப் பள்ளிக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். பள்ளியின் பெயரை விசாரணை அதிகாரியிடம் நேரில் சொல்கிறேன். பணம் கட்டிய ரசீது நகலும் எல்.எல்.ஆர். நகலும் இணைத்துள்ளேன்.

இந்த வாரம் லோடு ஏற்றாமல் ஊரில்தான் இருக்கிறேன். எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: நாமக்கல்